டூ சாரும் துணைவிதி பதினேழும்

துணைவிதி பதினேழு: "குடியிருப்பிலுள்ள எந்த வீட்டையும் அதன் உரிமையாளரோ வாடகைதாரரோ தொழில், வணிகம், பயிற்சி வகுப்பு ஆகிய எதற்கும் பயன்படுத்தலாகாது. மீறுவோர்மீது பதினைந்து நாள் அவகாசத்துடன் அறிவிப்பு வழங்கி, செயலாளர் நடவடிக்கை எடுப்பார்."

இதை எழுதியவன் நான். நடவடிக்கை எடுக்க வேண்டிய செயலாளரும் நான்தான். வேலை பார்த்த காலம் முழுக்க அரசாங்கத்துக்கு விதி எழுதி ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, மந்தைவெளியில் லிஃப்ட் இல்லாத ஒரு மூன்று மாடிக் கட்டடத்துக்குத் துணைவிதி எழுதித் தரச் சொன்னால் இப்படித்தான் வரும். ஈ நுழைய இடம் இருக்காது.

அந்த இடமே இல்லாத விதிக்குள் ஒரு மனிதர் தினமும் சாயங்காலம் மாணவர்களோடு ஊர்வலமாகப் போய் வந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாடி டூ சார். ஆங்கிலம் என்ற மொழி தோன்றிய நாளிலிருந்து அதை அவர் அளவுக்கு நம்பியவர் யாருமில்லை. இங்கிலாந்தில் பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் கொள்கை எளிமையானது. நாம் அன்றாடம் பேசுகிற ஆங்கில வாக்கியங்களில் பாதிக்குமேல் இரண்டு வினைச்சொற்கள், நடுவில் ஒரு 'டு'. ஐ வான்ட் டு ஈட். ஐ ஹோப் டு கம். வீ ப்ளான் டு மீட். இதில் முதல் வினை வாய், இரண்டாவது வினை கை என்பார். ஊரில் எல்லோரும் வாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது அவருடைய வருத்தம். பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கடிதம் தட்டச்சு செய்தே தலை நரைத்தவர் அவர். "வீ இன்டென்ட் டு ஷிப் ஷார்ட்லி" என்று அவர் அடித்த சரக்கெல்லாம் துறைமுகத்தில் துருப்பிடித்துக்கொண்டிருக்குமாம். ஓய்வு பெற்றதும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார். வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். 'டு' போட்டு ஒரு வாக்கியம் சொன்னால், அந்த இரண்டாவது வினையைச் செய்து முடிக்க வேண்டும். முடித்த பிறகுதான் அடுத்த வாக்கியம்.

முதல் நாள் யாரோ விவரம் தெரியாமல் "ஐ வான்ட் டு ட்ரிங்க் காஃபி" என்றிருக்கிறார். மொத்த வகுப்பும் மாடி இறங்கிப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தது. தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் பையன் ஒருவன் "ஐ லைக் டு ஸ்லீப்" என்றான். டூ சார் உள்ளே போய்ப் பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டார். அவன் தூங்கி எழும்வரை மற்றவர்கள் கிசுகிசுப்பாகப் படித்தார்கள். விழித்ததும் அவன் கேட்ட முதல் சந்தேகம் வேறு மாதிரி. "மை மேனேஜர் வான்ட்ஸ் மீ டு வொர்க் ஆன் சன்டே" என்றால், அதையும் செய்தாக வேண்டுமா? டூ சார் யோசிக்கவே இல்லை. ஆசை ஒருத்தருடையது, உழைப்பு இன்னொருத்தருடையது. அது உன்னைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தார். தரமணி கம்பெனிகளில் அந்தத் தீர்ப்பைச் சட்டமாக்கினால் பல குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகச் சாப்பிடும்.

எனக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது செருப்பினால். மாணவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் படிக்கட்டில் இரண்டாம் மாடிவரை இறங்கி வந்துவிட்டன என்று புகார். நான் முறைப்படி ஒரு சுற்றறிக்கை தயாரித்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்தவரிடம், பழக்கதோஷத்தில், "ஐ ஆம் டைரக்டட் டு இன்ஃபார்ம் யூ" என்று ஆரம்பித்தேன். அரசாங்கத்தில் நாங்கள் உயிர் வாழ்ந்ததே இந்த மாதிரி வாக்கியங்களில்தான். தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன் என்போம், ஒன்றும் தெரிவிக்க மாட்டோம். 'த கவர்ன்மென்ட் ஈஸ் ப்ளீஸ்ட் டு ஆர்டர்' என்று எழுதுவோம். யார் மகிழ்ந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"யார் டைரக்ட் பண்ணாங்க, செக்ரட்டரி சார்?" என்று கேட்டார்.

"கமிட்டி."

"சரி, இன்ஃபார்ம் பண்ணுங்க."

காகிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இப்ப நீங்க நீட்டறீங்க. இன்ஃபார்ம் பண்ணலை. உள்ள வந்து வாயால சொல்லுங்க சார், பசங்களும் கேக்கட்டும்."

வகுப்பின் நடுவில் நின்று, பொருள், பார்வை, நகல் பெறுவோர் உட்பட மொத்தத்தையும் படித்தேன். முடித்ததும் கைதட்டினார்கள். நான் பிறப்பித்த எந்த உத்தரவுக்கும் அதற்கு முன்பு கைதட்டல் கிடைத்ததில்லை. மறுநாள் பார்த்தால் செருப்புகளும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அதுவும் எனக்குப் புதிது.

அப்படியானால் துணைவிதி பதினேழை ஏன் அன்றே பாய்ச்சவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அன்று நான் பணிக்கப்பட்டது செருப்புக்கு மட்டும்; வகுப்புக்கு மகஜர் எழுதத் தனிச் சாட்சியம் வேண்டும். அதன்பிறகு நான் எப்போது மாடி ஏறினாலும் வீடு பூட்டியிருக்கும். வகுப்பு எதையாவது செய்யப் போயிருக்கும். ஒருநாள் வாட்ச்மேன் ஏழுமலையிடம் விசாரித்தேன்.

"டூ சாரு கிளாஸு மொத்தமும் பீச்சுக்குப் போய்க்கினு கீது சார். டீச்சரம்மா ஒண்ணு ஏதோ கடலுன்னு சொல்லிடுச்சாம். இன்னா பண்றது, வாய வச்சுக்கினு சும்மா இருந்தாத்தான?"

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் பரம்பரையாக இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் "ஐ லாங் டு சீ த சீ" என்றாராம். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும், அதில் கால் நனைத்துத்தான் வருஷக்கணக்காகிறது. மொட்டை மாடியிலிருந்து பார்ப்பது செல்லாது, தினம் பார்க்கிற கடலும் செல்லாது என்று டூ சார் சொல்லிவிட்டதால், எல்லோரும் மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூர் போய்விட்டார்கள். இதை எந்தப் பிரிவின்கீழ் வகுப்பு என்று நான் பதிவு செய்வது?

அதிகம் அடிபட்டவர் ரஹ்மத் பாய். ராயப்பேட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர். வண்டி கொண்டுவருகிறவர்கள் இங்கிலீஷில் பேசுகிறார்கள் என்பதற்காக வகுப்பில் சேர்ந்தார். கடையில் தினமும் சொல்கிற வாக்கியத்தை ஒருநாள் வகுப்பிலும் சொல்லிவிட்டார். "ஐ ப்ராமிஸ் டு டெலிவர் டுமாரோ." மறுநாள் காலை கடை திறக்கும்போதே டூ சாரும் மாணவர்களும் வாசலில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. மெஷினைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த உறை சொன்ன நாளில் தயாரானது. வாடிக்கையாளர் நம்பவில்லை. இன்னும் தைத்து முடிந்திருக்காது என்ற தைரியத்தில் அவர் வாங்கவே வரவில்லை.

"சார், எனக்கு இந்த டு வேணாம் சார்," என்றார் பாய். "நம்ம பாஷையில பாத்துக்கலாம் நைனான்னா முடிஞ்சிது. அதுக்கு இங்கிலீஷுல இன்னா?"

டூ சார் அகராதியை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது என்று ஒப்புக்கொண்டார்.

இனி ஆடிட்டர். இரண்டாம் மாடி, டூ சாருக்கு நேர் கீழே. தியாகராய நகரில் ஆபீஸ். அங்கே நிறுத்த இடமில்லை என்று காரை வீட்டில் உறை போட்டு வைத்துவிட்டு ஆட்டோவில் போய்வருபவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உறையை எடுத்து, துடைத்து, ஸ்டார்ட் செய்து, அணைத்து, உறை போடுவார். அந்தக் காருக்குக் கட்டடத்தின் கேட்டுக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே தெரியாது.

ஒருநாள் மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்காமல் ஆடிட்டர் மாமி மாடி ஏறிப் போனார். ஆங்கிலத்தில் கேட்டால்தான் மரியாதையாக இருக்கும் என்று நினைத்து, "ஐ கேம் டு கம்ப்ளைன்" என்றார்.

"ப்ளீஸ்," என்று ஒரு நாற்காலியைப் போட்டார் டூ சார். "கம்ப்ளைன்."

சட்டம் சட்டம்தானே. மாமி செய்து முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது. நாற்காலிச் சத்தத்தில் தொடங்கிய புகார், தண்ணீர் மோட்டார், மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளம், மாட்டுப்பெண் வீடியோ காலில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுவது என்று பரவி, கல்யாணமான வருஷத்துக்குப் போய்விட்டது. தெரிந்தவரை ஆங்கிலம், தெரியாத இடத்தில் தமிழ். தன்னை யாரும் நடுவில் நிறுத்தவில்லை என்பதை மாமி பாதி வழியில்தான் கவனித்திருக்கிறார். முடித்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுநாளும் போனார். மூன்றாம் நாள் மாணவியாகப் போனார்.

அவர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்புறம் கட்டடமே மனப்பாடமாகச் சொன்னது. "ஆத்துல கார் நின்னுண்டே இருக்கு சார். ஐ வான்ட் டு டிரைவ்."

என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். யோசனை என்று கேட்டுவிட்டால் நான் நடைமுறையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். முதலில் எல்.எல்.ஆர்., அதற்கு இன்னின்ன நகல்கள், பக்கத்து இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர், முன்னும் பின்னும் 'எல்' போர்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் மாமி உறையை எடுத்தார். பக்கத்து இருக்கையில் ரஹ்மத் பாய். பின் இருக்கையில் டூ சார், கண்ணை மூடிக்கொண்டு. ஆடிட்டர் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்து, எங்கள் பார்க்கிங்கிலேயே ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு ஓட்டினார்கள். "கிளட்ச்ச மெதுவா வுடுங்க மாமி" என்று பாய் கெஞ்சும் குரல் என் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும். மாமி அதை ஒருநாள் மெதுவாக விடவில்லை. தூணில் மாட்டியிருந்த சங்கத்தின் அறிவிப்புப் பலகை கண்ணாடியோடு கீழே வந்தது. அதில் ஒட்டியிருந்தவை எங்கள் துணைவிதிகள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவிலிருந்து ஆடிட்டர் இறங்கினார்.

அவர் கத்தவில்லை. கணக்குப் பார்க்கிறவர்கள் கத்த மாட்டார்கள், எழுதுவார்கள். நான்கு பக்கத்துக்குப் புகார் வந்தது. விதி பதினேழு, அதன் மீறல், சாட்சியாகத் தன் மனைவி. மறுக்க முடியாத புகார். அரசாங்கத்தில் எனக்கு அப்படி ஒரு புகார் வந்திருந்தால் அதன் நடைக்காகவே பாராட்டியிருப்பேன். வேறு வழியில்லாமல் பொதுக்குழுவைக் கூட்டினேன்.

வகுப்பு போனால் டூ சாருக்கு என்ன போகும் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். மனைவி இல்லை. மகள் கோயம்புத்தூரில். மூன்று மாடி ஏறி அவரைப் பார்க்க வருகிறவர்கள் அந்த மாணவர்கள் மட்டும்தான். அவருடைய நாளே சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் விடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆடிட்டர் எழுந்தார்.

"என் ஆத்துக்காரிய நடுரோட்டுக்குக் கொண்டுவந்துட்டார் இந்த மனுஷர்," என்றார்.

"ன்னா, இன்னும் ரோட்டுக்கு வரலை," என்றார் மாமி பின் வரிசையிலிருந்து. "பார்க்கிங்தான்."

சிரிப்பு அடங்கும்வரை ஆடிட்டர் பொறுத்திருந்தார். பிறகு அவர் செய்ததுதான் சாமர்த்தியம். எனக்கு ஓட்டெடுப்பு வேண்டாம், தீர்மானம் வேண்டாம் என்றார். "அவர் ஒரு வாக்கியம் சொல்லட்டும். ஐ அக்ரீ டு ஸ்டாப். அவ்வளவுதான். சொன்னா செஞ்சே தீருவாராமே, நீங்கள்லாம்தானே சொல்றேள்."

எங்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு வாக்கியத்தை வாங்கினால் அது காற்றோடு போயிருக்கும். நான் மட்டும் இந்தச் சங்கத்துக்கு எத்தனை 'ஆவன செய்யப்படும்' கொடுத்திருப்பேன். டூ சாரிடம் அது செல்லாது. அக்ரீ என்று அவர் வாய் திறந்தால் அன்றைக்கே வகுப்பு முடிந்தது. ரெஃப்யூஸ் என்று திறந்தால் கடைசிவரை எதிர்த்து நின்றாக வேண்டும். கோர்ட்டில் எங்களோடு மல்லுக்கு நிற்கிற வயசு அவருக்கு இல்லை. சட்டைப் பொத்தானைத் தொட்டபடி எழுந்து நின்றார். முதல் முறையாக அவர் முகத்தில் வினைச்சொல் தேடுகிறவனின் தவிப்பைப் பார்த்தேன். "ஐ..." என்றார்.

"பாயின்ட் ஆஃப் ஆர்டர்," என்று சொல்லி நான் எழுந்தேன்.

துணைவிதி முப்பத்தொன்று என்று ஒன்று உண்டு. அதுவும் நான் எழுதியதுதான். எந்த விதிக்கும் பொருள் காண்பதில் ஐயம் எழுந்தால், சங்கங்களைக் கண்காணிக்கும் மேல் அலுவலகத்துக்கு எழுதித் தெளிவுரை பெற வேண்டும். பெறும்வரை இருக்கும் நிலையே தொடரும். எனக்கு ஐயம் எழுந்துவிட்டது என்று அறிவித்தேன். வீட்டில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் காப்பிக்கடைக்கோ கடற்கரைக்கோ ராயப்பேட்டைக்கோ போய்விடுகிற வகுப்பு, வீட்டைப் பயன்படுத்தும் வகுப்பா? பதில் வரும்வரை யாரும் எதற்கும் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ கூடாது. அப்படிச் சொன்னால் அது குறிப்பில் ஏறாது.

ஆடிட்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த விதி எதற்காக எழுதப்பட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு காரியத்தை நிறுத்தாமல் நிறுத்தி வைப்பதற்காகத்தான் உலகத்தில் எல்லா மேல் அலுவலகங்களும் இருக்கின்றன.

மறுநாள் டூ சார் கீழே இறங்கி வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஐ வாஸ் அபவுட் டு ஸ்பீக், சார். நீங்க விடலை."

"அதையும் செஞ்சே ஆகணுமா?"

"இல்ல, அது ஒண்ணுதான் செய்யாம விடலாம்," என்றார். என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். அடுத்த வார்த்தை வந்திருந்தால்தான் தனக்கே தெரிந்திருக்கும் என்றார்.

மேல் அலுவலகத்துக்கு எழுதினேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன். பதில் வரவில்லை. ஆடிட்டர் விடாமல் கேட்டதால் நினைவூட்டுக் கடிதம் போட்டேன். நினைவூட்டு போய்ச் சேர்ந்தால் கோப்பு புது எண் வாங்கி மறுபடி அடியிலிருந்து வரிசையில் நிற்கும் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே தவறாமல் நினைவூட்டினேன்.

இதற்கிடையில் மாமிக்கு லைசென்ஸ் வந்தது. ஆடிட்டருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று அடிக்கடி அடையாறுக்கு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டுக் கண்ணைக் கட்டி அனுப்புவார். அப்படிக் கட்டிய கண்ணோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது ஆடிட்டருக்கே சிரமமாக இருந்தது. மாமி ஓட்டினார். முதல் தடவை ஆடிட்டர் வழிநெடுக ஸ்லோ, ஸ்லோ என்று சொல்லிக்கொண்டே போனாராம். இரண்டாம் தடவை தூங்கிவிட்டாராம்.

அந்தச் சமயத்தில்தான் தபாலில் மேல் அலுவலகத்தின் உறை வந்தது. மேற்படி வகுப்பு விதிமீறலே. இக்கடிதம் கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்புக. புகார்தாரருக்குக் காட்டுவதுதான் முறை. எடுத்துக்கொண்டு போனேன். ஆடிட்டர் ஒரு கண்ணால் படித்தார். திருப்பியும் படித்தார். உள்ளே மாமி யாரிடமோ போனில் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெறப்பட்டதுன்னு முத்திரை போட்டேளா?"

"இன்னும் இல்லை."

"அப்ப இன்னும் வரலை," என்று கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

அலுவல் வாழ்க்கையில் ஒரு காகிதத்தைக்கூட நான் தேங்கவிட்டதில்லை. இதை இழுப்பறையில் போட்டேன். சந்தா ரசீதுகளுக்கு அடியில்.

மேலே வகுப்பு நடந்தது, இறங்கியது, போனது, வந்தது. டூ சாருக்கு முழங்கால் மட்டும் பழுதாகிக்கொண்டே வந்தது. மாணவர்கள் காப்பிக்குப் போனால் அவர் நாற்காலியில் இருந்தபடி, திரும்பி வந்ததும் ருசி கேட்பார். மகள் வாரம் தவறாமல் கூப்பிட்டார். "மை டாட்டர் வான்ட்ஸ் மீ டு கம்" என்று அதையும் ஓர் உதாரணமாகக் கரும்பலகையில் எழுதி, இது என்னைக் கட்டுப்படுத்தாது, பார்த்தீர்களா என்று சிரிப்பார். ஒரு சாயங்காலம் அந்த வாக்கியத்தைத் துடைத்துவிட்டு, எழுதாமல், வாயால் சொன்னார்.

"ஐ வான்ட் டு கோ டு மை டாட்டர்."

மாமிதான் கேட்டிருக்கிறார்: "ப்ராக்டிஸ் சென்டென்ஸா சார்?"

"இல்ல மாமி."

சட்டம் சட்டம்தான். அந்த வாரமே சாமான் கட்டினார்கள். ரஹ்மத் பாயும் தரமணிப் பையனும் அவரை நாற்காலியோடு தூக்கி மாடி இறக்கினார்கள். ஸ்டெல்லா டீச்சர் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு வண்டி ஓட்டியது மாமி. பின் இருக்கையில் துணைக்கு ஆடிட்டர். நான் கேட்டருகில் நின்றேன். டூ சார் கண்ணாடியை இறக்கி, ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். மறுபடி சந்திப்போம் என்று சொல்லியிருந்தால் செய்ய வேண்டியிருந்திருக்கும். இருவருக்கும் அது முடியாத காரியம்.

வண்டி தெருமுனை திரும்பியது. சங்க அறையைத் திறந்து, ரசீதுகளைத் தள்ளி அந்தக் கடிதத்தை எடுத்தேன். முத்திரையில் தேதியை அன்றைக்குத் திருப்பி வைத்து, மையில் ஒற்றி, அழுத்தினேன். எங்கள் சங்கத்தின் ஆவணங்களின்படி மேல் அலுவலகத்தின் பதில் வந்து சேர்ந்த தேதி, டூ சார் கோயம்புத்தூர் புறப்பட்டுப் போன அந்தப் பங்குனிக் கடைசி சனிக்கிழமை.